நம்ம ஆளு யாருங்க?

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருபத்து மூன்று பெயர்கள் எழுத வேண்டும். இந்தியக் கால்பந்து அணிக்கான பட்டியல். எதிரணி பங்களாதேஷ். ஆட்டம் டாக்காவில், 2025 நவம்பர் 18 இரவு.

'எனக்கு கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதே' என்று நழுவாதீர்கள். இதற்குக் கால்பந்து அறிவு தேவையில்லை. வீட்டில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க லிஸ்ட் போடும்போதும், ஆபீஸில் புது ஆள் எடுக்கும்போதும், வாடகைக்கு வீடு விடும்போதும் நீங்கள் தினமும் போடுகிற கணக்குதான். யார் நம்ம ஆளு? யார் வெளி ஆளு?

அதென்ன பங்களாதேஷ், பாகிஸ்தான் என்றாலாவது ஒரு சூடு இருக்கும் என்று நினைப்பீர்கள். திருப்பூர்ப் பக்கம் வந்து கேளுங்கள். பங்களாதேஷ் என்ற பெயரைக் கேட்டாலே இங்கே பலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். 'அந்த பையர் பங்களாதேஷ் போயிட்டானாம்' என்ற ஒற்றை வரியில் ஒரு பனியன் கம்பெனியின் ஆறு மாதப் பிழைப்பு கவிழ்ந்துபோகும். பீஸுக்கு இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் வித்தியாசம். நம் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழைய வரி கட்டியது. பின்தங்கிய நாடு என்ற சலுகையில் அவர்கள் சரக்கு வருஷக்கணக்காக வரி இல்லாமல் போய் இறங்கியது. வயிறு எரியாதா?

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஜனங்கள். 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனாவின் ஆட்சி கவிழ்ந்து, அங்கே கம்பெனிகள் மூடிக் கிடந்தன. இரண்டு சமயமும் இங்கே டீக்கடையில் இரண்டு பேச்சு கேட்டது. ஒன்று, 'அய்யோ பாவம்!' இன்னொன்று, கொஞ்சம் சன்னமாக, 'ஆர்டர் இந்தப் பக்கம் திரும்புமா?' இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததுதான் விசேஷம். (குறை சொல்லவில்லை. மூன்று மாதமாக மிஷின் ஓடாதவனிடம் போய் மனிதாபிமான வகுப்பு எடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.)

அசலூர் எதிரியிடம் வராத எரிச்சல் பங்காளியிடம் வரும் இல்லையா? திருப்பூருக்கு பங்களாதேஷ் பங்காளி.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. அக்டோபர் 14 அன்று கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று இந்தியா ஏற்கெனவே வெளியே போய்விட்டது. பங்களாதேஷும் வெளியே. ஜெயித்தாலும் தோற்றாலும் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. மானம் மட்டும்தான் பாக்கி. அந்த மாதிரி ஆட்டத்தில்தான் ஆவேசம் அதிகமாக இருக்கும்! போதாக்குறைக்கு முந்தின நாள்தான் டாக்கா நீதிமன்றம் ஷேக் ஹசீனாவுக்கு மரண தண்டனை விதித்துத் தீர்ப்பு சொல்லியிருந்தது. அவரோ இந்தியாவில் இருந்தார். டாக்கா மைதானம் எப்படிக் கொதித்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இந்தியப் பட்டியலை எழுத வேண்டியவர் கோச் காலித் ஜமீல். மும்பை கிளப்களில் ஆடி வளர்ந்தவர், இந்தியாவுக்கு ஆடியவர். பிறந்தது குவைத்தில். இதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். பின்னால் உதவும்.

அவர் எதிரே இரண்டு பெயர்கள்.

முதல் பெயர் சுனில் சேத்ரி. 2024 ஜூன் 6, கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு, மைதானமே கண்ணீர் விட, ரிட்டயர் ஆனவர். அப்போது அவர் கணக்கில் 94 கோல்கள். ஒன்பது மாதம் கழித்து, 2025 மார்ச்சில், அப்போதைய கோச் மனோலோ மார்க்கெஸ் கூப்பிட்டார், நாற்பது வயதில் திரும்பி வந்தார். காரணம் சென்டிமென்ட் இல்லை. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் இந்தியர்களிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான். இளைஞர்கள் யாரும் அவரைத் தாண்டவில்லை. வந்தார், மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். ஆனால் அதே மாதம் ஷில்லாங்கில் பங்களாதேஷோடு ஆடிய ஆட்டம் 0-0. நவம்பரில் டாக்கா பட்டியல் எழுதும்போது சேத்ரி பெயர் இல்லை.

நன்றிகெட்ட வேலையா? அப்படி நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் என்பது அடுத்த ஆட்டத்துக்கான வேலை ஆர்டர். இருபது வருஷம் உழைத்தவருக்குப் பொன்னாடை போர்த்தலாம், மைதானத்துக்கு அவர் பெயரை வைக்கலாம், சிலையே வைக்கலாம். பதினோரு பேரில் ஓர் இடத்தைப் பரிசாகக் கொடுக்க முடியாது. அது அவருக்கும் கௌரவம் இல்லை. இந்த விஷயம் இத்தோடு போதும். சிக்கல் அடுத்த பெயரில்தான்.

ரயன் வில்லியம்ஸ். 1993-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர். அப்பா இங்கிலாந்துக்காரர். அம்மா மும்பையில் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அம்மாவின் அப்பா, அதாவது தாத்தா, 1950-களில் பம்பாய்க்காக சந்தோஷ் டிராபி ஆடியவர். பேரன் இங்கிலாந்தில் ஃபுல்ஹாம், போர்ட்ஸ்மவுத் என்று ஆடினார். 2019-ல் தென் கொரியாவோடு ஒரு நட்பு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கே ஆடினார். 2023-ல் பெங்களூரு கிளப்புக்கு வந்தார். வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். 2025 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினார்! அதை அவர் கையில் கொடுத்தவர் சேத்ரி.

கொஞ்சம் நில்லுங்கள். நம் ஊரில் எத்தனை பேர் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்? பரீட்சை எழுதி, பாயிண்ட்ஸ் சேர்த்து, கோயிலுக்கு நேர்ந்துகொண்டு! இவர் எதிர்த் திசையில் நடந்து வந்திருக்கிறார். நமது சட்டப்படி இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதைக் கீழே வைத்தால்தான் இதைக் கையில் எடுக்கலாம்.

இந்தச் சட்டம் நம் சென்னைக்கும் பழக்கமானதுதான். விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமிர்தராஜ் அமெரிக்கக் குடிமகன். 2003-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடினார். நாமும் கைதட்டினோம். 2008-ல் மத்திய அரசு, இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது என்று கதவைச் சாத்தியது. அப்பா யாராக இருந்தாலும் சரி! அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்த முதல் முக்கியக் கால்பந்துக்காரர் இசுமி அராட்டா. ஜப்பானில் பிறந்தவர், அப்பா இந்தியர். 2012-ல் ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு, 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார்.

இப்போது எதிரணியைப் பாருங்கள். அவர்களுடைய நட்சத்திரம் ஹம்சா சௌத்ரி. பிறந்தது இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊர். அம்மா வழி பங்களாதேஷ். இங்கிலாந்தின் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர். 2021-ல் லெஸ்டர் சிட்டி எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தவர். 2025 மார்ச் ஷில்லாங் ஆட்டம்தான் பங்களாதேஷுக்கு அவர் ஆடிய முதல் ஆட்டம். அவர் எதையும் துறக்கவில்லை. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கள் குடிமகனாகவும் இருக்கலாம் என்கிறது அந்த நாட்டுச் சட்டம். கனடாவுக்கு இரண்டு ஆட்டம் ஆடிய ஷமித் ஷோமும் அப்படி வந்து சேர்ந்தவர்தான்.

கூத்து என்னவென்றால், அவர்களுக்கும் பட்டியல் தகராறு உண்டு. அதே மார்ச்சில், இத்தாலியில் நாலாம் நிலை கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ஃபஹமிதுல் இஸ்லாம் என்ற இளைஞரை முகாமுக்குக் கூப்பிட்டுவிட்டு, இந்தியாவோடு ஆடும் அணியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பினார் கோச். டாக்காவில் ரசிகர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். 'உள்ளூர்க்காரர்கள் கூட்டணி போட்டு வெளியூர்ப் பையனை விரட்டிவிட்டார்கள்' என்று கோஷம். அங்கே வெளி ஆளைச் சேர்க்கவில்லை என்று சண்டை. இங்கே சேர்க்கலாமா என்று சண்டை!

இப்போது உங்கள் தாளை எடுங்கள். ரயன் பெயரை எழுதுவீர்களா?

பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது தாத்தாவை. 'தாத்தா பம்பாய்க்காரர்தானே, அப்புறம் என்ன?' என்பார்கள். ஃபிஃபா விதியும் தாத்தா, பாட்டி பிறந்த ஊரைப் பார்க்கிறது. ரத்தம் என்ற வார்த்தை நமக்கு ரொம்பப் பிடிக்கும். தாத்தாவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவில் ஒரு கதை நடந்தது.

2025 ஜூன் 10. மலேசியா வியட்நாமை 4-0 என்று துவைத்துக் காயப்போட்டது. அணியில் வெளிநாட்டில் பிறந்த ஏழு பேர். எல்லோருக்கும் மலேசியத் தாத்தா, பாட்டி இருப்பதாகக் காகிதம். ஃபிஃபா தோண்டிப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகளின் அசல் பிறப்புச் சான்றிதழ்கள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின் பக்கம் கிடைத்தன! செப்டம்பரில் ஏழு பேருக்கும் பன்னிரண்டு மாதத் தடை, சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் என்று ஃபிஃபா அறிவித்தது. நவம்பரில் அதன் மேல்முறையீட்டுக் குழுவும் அதையே சொன்னது.

சான்றிதழில் ஓர் ஊர்ப் பெயரை மாற்றினால் தாத்தா மாறிவிடுகிறார். மறுநாள் அந்தத் தாத்தாவின் பேரன் தேசிய கீதம் பாடுகிறான். அப்படியென்றால் தாத்தாவுக்கும் தேசத்துக்கும் என்ன சம்பந்தம்? செத்துப்போனவர் எங்கே பிறந்தார் என்பது, உயிரோடு இருப்பவன் யாருக்காக ஓடுவான் என்பதைச் சொல்லுமா? ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவ் என்று ஒரு கிளப். பாஸ்க் மண்ணோடு தொடர்புள்ளவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று நூறு வருஷத்துக்கு மேலாக வைராக்கியம். அதன் இன்றைய செல்லப்பிள்ளைகள் இரண்டு சகோதரர்கள். கானாவிலிருந்து சஹாராவைக் கடந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள். அண்ணன் இன்யாகி 2022 உலகக் கோப்பையில் கானாவுக்கு ஆடினார். தம்பி நிகோ ஸ்பெயினுக்கு ஆடி, 2024 யூரோ இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். ஒரே தாய், ஒரே தாத்தா. தேசம் இரண்டு. (அவர்கள் பெயரும் வில்லியம்ஸ்தான். அந்தப் பெயருக்கு ஏதோ ராசி!)

தாத்தா சரிப்படவில்லை. அப்படியானால் தியாகம்? ரயனை எனக்குப் பிடிப்பது அதனால்தான். லேசில் திரும்ப எடுக்க முடியாத ஒன்றை மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். நானும் கொஞ்ச நாள், 'எதை இழந்து வந்தான் என்பதுதான் அளவுகோல்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மைசூரில் பிறந்தவனிடமும் மணிப்பூரில் பிறந்தவனிடமும் நீ என்ன தியாகம் செய்தாய் என்று நாம் கேட்பதில்லையே! வெளியிலிருந்து வருபவனிடம் மட்டும் நுழைவுக் கட்டணமாகத் தியாகம் கேட்பது கொஞ்சம் அல்பத்தனமாகத் தெரிகிறது. ஹம்சா எதையும் இழக்கவில்லை. அவர் அந்த இரவு என்ன செய்தார் என்று சொல்கிறேன், இருங்கள்.

பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? டபுள் என்ட்ரி முறையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பற்று எழுதினால், இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். பட்டியலும் அப்படித்தான். நீங்கள் ஒரு பெயரை உள்ளே எழுதும் அதே வினாடி, இன்னொரு பெயரை வெளியே எழுதுகிறீர்கள். உள்ளே எழுதிய பெயர் பேப்பரில் வரும். வெளியே எழுதிய பெயர் எங்கேயும் வராது. ஐஸ்வாலிலோ இம்பாலிலோ பத்து வயதில் வீட்டை விட்டு அகாடமிக்குப் போய், மழையில் ஓடி, முட்டி தேய்ந்து, கடைசியில் இருபத்து நான்காவதாக நிற்கிறானே, அவன். ரயன் வந்ததைக் கைதட்டி வரவேற்கும்போது அவனையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். இந்தக் கணக்கில் அவன்தான் மறுபக்கம்.

திறமைதான் அளவுகோல், முடிந்தது கதை என்று சொல்லிவிடலாமா? அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. திறமை மட்டும்தான் என்றால் பிரேசிலிலிருந்து பதினோரு பேரைச் சம்பளத்துக்குக் கூட்டிவரலாம். அதற்குப் பெயர் கிளப். தேசம் என்று சொன்னால் வேறேதோ ஒன்று சேர்கிறது. அது என்ன என்பதற்கு எங்கள் ஊரைவிட நல்ல பாடசாலை எனக்குத் தெரியாது.

திருப்பூரின் அடையாளம் யார்? சந்தேகமே இல்லை, கொடி காத்த குமரன். ஊர் பெயரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில், கையில் பிடித்த கொடியை விடாமல் செத்தவர். அவருடைய சொந்த ஊர் சென்னிமலை! நெசவுக் குடும்பம். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர். இன்றைக்கு யாராவது அவரை 'வெளியூர்க்காரர்' என்று சொல்லிப் பார்க்கட்டும், பஸ் ஸ்டாண்டு தாண்ட மாட்டார்.

பனியன் தொழிலே வெளியூர்ச் சரக்குதான். 1920-களில் கல்கத்தாவிலிருந்து வந்த பின்னல் மிஷினில் ஆரம்பித்த கதை. வங்காளத்திடம் கற்றுக்கொண்ட தொழிலில்தான் இன்றைக்கு வங்காளத்தின் மறுபாதியோடு மல்லுக்கட்டுகிறோம்! அப்புறம் மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை என்று தெற்கிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். உள்ளூரில் அவர்களை 'தெக்கத்தி ஆளுக' என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். வீடு கிடைக்காது. கிடைத்தாலும் தண்ணீர் கிடைக்காது. அவர்கள் பிள்ளைகள் இப்போது கம்பெனி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பெனியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பையன்கள் ஓவர்லாக் ஓட்டுகிறார்கள். 'இந்த வடக்கத்திப் பசங்க வந்து...' என்று அதே இழுவையோடு ஆரம்பிக்கிறார் தெக்கத்திக்காரரின் மகன். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

தன்பாத் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது ஒருநாள் திருப்பூர் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளி ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேற்று வந்தவன் நாளை மிஷினில் உட்காருவான். காலை எட்டரைக்கு ஆரம்பித்து இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். 2023 மார்ச்சில், 'தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள்' என்று போலி வீடியோக்கள் பரவி அவர்கள் ரயிலேற ஆரம்பித்தபோது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. நம் போலீசும் நிர்வாகமும் ஹிந்தியில் அறிவிப்பு விட்டு 'பயப்படாதீங்க, இருங்க' என்றார்கள். 'நம்ம பசங்க போயிட்டா கம்பெனி அவ்வளவுதான்' என்று முதலாளிகள் பதறினார்கள். கவனித்தீர்களா? மிஷின் நிற்கப்போகிறது என்றவுடன், 'வடக்கத்திப் பசங்க' ஒரே ராத்திரியில் 'நம்ம பசங்க' ஆகிவிட்டார்கள்!

அதாவது, ஆட்டத்தில் இறக்கும்போது நம்ம ஆளு. குரூப் போட்டோ எடுக்கும்போது வெளி ஆளு. இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹம்சாவையும் ரயனையும் பற்றி மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிற நாம், இரண்டு தெரு தள்ளித் தகரக் கொட்டகையில் எட்டுப் பேராகப் படுத்திருக்கிறவன் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறான் என்று கேட்பதில்லை.

காகிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 ஜனவரியில் பல்லடம் பக்கம், முறையான ஆவணம் இல்லாமல் தங்கியிருந்த பங்களாதேஷ்காரர்களைப் போலீஸ் கைது செய்தது. எல்லை தாண்டி வந்து போலி ஆதாரில் வேலை பார்ப்பது குற்றம்தான். மலேசியாவில் தாத்தாவை மாற்றியதும் அதே குற்றம்தான். அங்கே கால்பந்துக்காக, இங்கே தையல் மிஷினுக்காக என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்தக் கைதுக்குப் பிறகு என்ன ஆகிறது? மால்டாவிலிருந்தோ முர்ஷிதாபாத்திலிருந்தோ வந்த அசல் இந்தியன், செல்போனில் அம்மாவோடு வங்காளத்தில் பேசினால் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். காகிதத்தை எல்லோரிடமும் கேளுங்கள், தப்பில்லை. வாயிலிருந்து வரும் பாஷையை வைத்து ஒருத்தனிடம் மட்டும் கேட்பதுதான் தப்பு. ஆட்டத்தின் விதி முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விதிக்குள் வந்தபிறகு, இங்கே வந்து இங்கே ஓடுகிறவன் நம்ம ஆளு. குவைத்தில் பிறந்தால் என்ன, குன்னூரில் பிறந்தால் என்ன?

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர் சைமன் சுந்தர்ராஜ். தஞ்சாவூர்க்காரர். பின்னாளில் 1973-ல் கேரளா முதன்முதலாக சந்தோஷ் டிராபி ஜெயித்தபோது அவர்களுக்குக் கோச் யார் தெரியுமா? இதே சைமன் சுந்தர்ராஜ்! மலையாளிகள் அவரை அண்டை மாநிலத்துக்காரர் என்று தள்ளி வைக்கவில்லை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய ஆட்டத்தில், தலையில் தையலோடு ஆடி ஒரு கோல் அடித்த ஜர்னைல் சிங் பிறந்த லயால்பூர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. எல்லைக்கோடு நகர்ந்தது, அவர் நகர்ந்தார், தலையால் முட்டினார். வேறென்ன வேண்டும்?

டாக்காவில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. ரயன் டாக்கா வரைக்கும் போனார். ஆஸ்திரேலிய சங்கத்தின் ஆட்சேபணையில்லாச் சான்றும் ஃபிஃபா அனுமதியும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. இருபத்து மூன்றில் அவர் பெயர் இல்லை. ஒரு நாட்டை விட்டாயிற்று, அடுத்த நாட்டின் பட்டியலில் பெயர் ஏறவில்லை. அந்த ஒரு ராத்திரி அவர்தான் இருபத்து நான்காவது ஆள்! உலகத் தரவரிசையில் அப்போது 136-ல் இருந்த இந்தியா, 183-ல் இருந்த பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்றது. ஆரம்ப நிமிஷங்களிலேயே ஷேக் மொர்சலின் அடித்த கோல். அவர் உள்ளூர்ப் பையன். அதன்பிறகு கோல்கீப்பர் இடம் மாறி நின்ற ஒரு கணத்தில் சாங்தே அடித்த பந்து காலி வலையை நோக்கிப் போனது. குறுக்கே பாய்ந்து தலையால் முட்டி வெளியே தள்ளியவர் லஃப்பரோவில் பிறந்த ஹம்சா. 2003-க்குப் பிறகு, இருபத்திரண்டு வருஷம் கழித்து, பங்களாதேஷ் இந்தியாவை ஜெயித்தது. டாக்காக்காரனிடம் போய் ஹம்சா எந்த நாட்டு ஆளு என்று அன்றைக்கு ராத்திரி கேட்டிருக்க வேண்டும்!

போன மாதம், அனுப்பர்பாளையம் பக்கம் பவர் டேபிள் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். சில கம்பெனிகள் சேர்ந்து செவன்ஸ் கால்பந்து நடத்துகிறார்களாம். ஏழு பேர். ஆறு பெயர் முடிவாகிவிட்டது. கோல்கீப்பர் மட்டும் பாக்கி.

"ஏனுங்ணா, ஒரு யோசனை சொல்லுங்க. நம்ம அயர்னிங் மாஸ்டர் பையன் ஒருத்தன் இருக்கான். அவங்கப்பா இருபது வருஷமா நம்மகிட்ட இருக்காருங்க. இன்னொருத்தன் ஒடிசாக்காரன், செக்கிங்ல இருக்கான். வந்து எட்டு மாசம்தான் ஆச்சு. ஆனா பந்து புடிச்சான்னா பல்லி மாதிரி ஒட்டிக்குதுங்க."

"அப்புறம் என்ன, அவனையே போடுங்க."

"போட்டுர்லாமுங்க. எதிர்த்த கம்பெனிக்காரன் 'உள்ளூர்ல ஆளே இல்லையா'ம்பானே?"

"அவங்க கம்பெனில எத்தனை உள்ளூர் ஆளுங்க மிஷின் ஓட்டுறாங்கன்னு கேளுங்க."

சிரித்தார். "சரிங்க, ஒடிசாக்காரனையே எழுதிக்கிறேன்" என்றார்.

"எழுதுங்க. ஆனா நோட்டீஸ் போர்டுல ஒட்டறதுக்கு முன்னாடி மாஸ்டர் பையனைக் கூப்பிட்டு, ஏன் அவன் இல்லைன்னு நீங்களே நேர்ல சொல்லிருங்க. சூப்பர்வைசரை விட்டுச் சொல்லச் சொல்லாதீங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. ஓவர்லாக் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அதுதானுங்ணா கஷ்டம்" என்றார்.